எச்சில் வாங்குபவனின் நிபந்தனை

எச்சில் வாங்குவது என் தொழில். கூச்சப்படுகிறவன் இதில் ஒரு வாரம் தாங்கமாட்டான்.

நான் இதற்கு வந்து சேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், தூசியில் நின்ற எங்களை வரிசைகட்டிச் சளியைப் பாட்டிலில் துப்பச் சொன்னார்கள். உங்கள் நன்மைக்கு என்றார்கள். இரண்டாவது, முடிவைக் கேட்டோம்; ஆபீசில் இருக்கிறது என்றார்கள். மூன்றாவது, எழுதிக் கேட்டோம். நிர்வாகத்துக்கு மட்டும் என்றார்கள். நான்காவது, நான் நோட்டீஸ் அடித்து, தொழிற்சாலை கேட்டில் கூட்டம் போட்டேன். மறுநாள் காலை அதே கேட்டில் மைக் வைத்து, வேலை நீக்கம் என்று என் பேரை வாசித்தார்கள். ஐந்தாவது, எங்களில் சிலர் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் பேரை வாசிக்க எந்த மைக்கும் வரவில்லை.

ஆகவே, பல்வலிக்காரத் தோழர்களே, காலடிப்பேட்டையில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் நஸ்ரீன், "ஏஐ வச்சு எச்சில் சோதனை ஆரம்பிச்சிருக்கேன். ஜனங்க துப்பப் பயப்படறாங்க. நீங்க பேசினா கேப்பாங்க" என்று கூப்பிட்டபோது, நான் ஒரு நிபந்தனை போட்டேன். எச்சில் கொடுத்தவருக்கு முடிவை நேரில், வாயால் சொல்ல வேண்டும். அவர் விரும்புகிற ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். "அது நிபந்தனை இல்ல தோழர், என் வேலை" என்றார் டாக்டர். அன்றிலிருந்து அங்கே எல்லோருக்கும் நான் தோழர். பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

வேலை இதுதான். ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வந்தவர், சின்னக் குழாயில் கோடு வரைக்கும் துப்ப வேண்டும். குழாயை ஒரு பெட்டிக்குள் வைத்தால், அதில் வருவதைக் கம்ப்யூட்டர் படித்து, சொத்தை, ஈறு, புற்று மூன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும். ஊரார் எச்சிலை எல்லாம் வாங்கிய நான் என்னுடையதை மட்டும் கொடுக்கவில்லை. மறியல் காலத்தில் பிடித்த புகையிலை இன்னும் விடவில்லை. இடது கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு. நாக்கு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தது.

வாசல் கூட்டிய வாய்

நெட்டுக்குப்பத்திலிருந்து கன்னியம்மா வந்தார். மீன் விற்கிறவர், குரல் எண்ணூர் முனை வரைக்கும் கேட்கும். குழாய் நிறையத் துப்பினார். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. இன்னொரு குழாய் கொடுத்தேன், அதையும் ஏற்கவில்லை. விசாரித்தால், வருவதற்கு முன் இரண்டு தடவை பல் விளக்கி, உப்புத்தண்ணீரில் கொப்பளித்து, கிராம்பும் ஏலக்காயும் மென்றுவிட்டு வந்திருக்கிறார். மீன்காரி வாய் நாறுகிறது என்று டாக்டரம்மா நினைத்துவிடக் கூடாதாம்.

அழுக்கு வாயோடு வந்தால்தான் இந்த மிஷினுக்குப் புரியும் என்று விளக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா தோழரே பேசற? வூட்டுக்கு ஆள் வருதுன்னா வாசல் கூட்டாம வுடுவாங்களா?"

கஞ்சி பற்றி ஓர் உரை

ரம்ஜான் மாதத்தில், ராயபுரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் சாயங்காலம் வந்தார். துப்பினால் நோன்பு முறியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் வாய் பாலைவனம். கால் மணி நேரமாகியும் குழாயில் நாலு சொட்டு.

நான் கேட் கூட்டத்தில் பேசிப் பழகியவன். எழுந்து நின்று, பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அண்டா, ஆவி, கொத்துமல்லி, ஓரத்தில் மசால் வடை என்று படிப்படியாக ஏற்றினேன். சமோசாவுக்கு வருவதற்குள் கோடு தொட்டுவிட்டது. பாய் குழாயை மூடி என் கையில் வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டார். "மாமு, நீ யூனியன்ல பேசினப்போ ஒரு மயிரும் வரலன்னு கேள்வி. ஓட்டல்ல பேசியிருந்தா எங்கேயோ போயிருப்பே."

யார் கையெழுத்து?

அத்திப்பட்டுப் பக்கம் நிலக்கரி இறக்கி ஓய்ந்த தேவராஜ், ஈறில் ரத்தம் என்று வந்தார். மகனும் கூட வந்திருந்தான். குழாயைக் கையில் வாங்கிக்கொண்டு, துப்பாமல், இது யாருக்குப் போகிறது, யார் பார்ப்பார்கள், யார் வைத்துக்கொள்வார்கள் என்று வரிசையாகக் கேட்டார். முப்பது வருஷத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். துப்பினார்.

ஈறுக்கு மஞ்சள் வந்தது. டாக்டர் கண்ணாடி வைத்து ஈறைப் பார்த்து, மிஷின் சொன்னது சரிதான் என்று மகன் முன்னால் சொன்னார். தேவராஜ் மிஷின் அச்சடித்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் யார் கையெழுத்தும் இல்லை. சீட்டை மேஜைமேல் வைத்து டாக்டர் பக்கம் தள்ளினார். "நீ போடும்மா கையெழுத்து. நாளைக்குத் தப்பாப் போச்சுன்னா மிஷினை எந்த கேட்ல நிறுத்திக் கேக்கறது?"

என் குழாய்

கன்னியம்மா இரண்டாம் தடவை, சொன்னபடி கொப்பளிக்காமல், தலை நிமிர்ந்து வந்தார். பச்சை. அந்தச் சந்தோஷத்தில் என் பக்கம் திரும்பினார். "ஊரு எச்சிலெல்லாம் வாங்கிகினு கீறியே, உன்னுது எங்க?" ஹால் முழுக்கச் சிரித்தது. எத்தனையோ பேரிடம் பயப்படாதே என்று சொன்ன வாய், குழாய்க்கு முன்னால் திறக்கவில்லை. கடைசியில் துப்பினேன்.

புற்றுக்கு எதிரே சிவப்பு. டாக்டர் விளக்கைப் பிடித்துத் திட்டைப் பார்த்தார். "மிஷின் சந்தேகம்தான் சொல்லும். சதையைச் சோதிச்சாதான் முடிவு" என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஒரு துணுக்குச் சதை எடுத்தார்கள். பதினோரு நாள் காத்திருந்தேன். புற்றுக்குப் பயந்ததைவிட, ஆபீசில் இருக்கிறது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான் அதிகம் பயந்தேன்.

முடிவு டாக்டர் நஸ்ரீன் கைக்கு வந்த அன்று, கன்னியம்மா தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். சொத்தை அடைக்க வந்த பாயும் இருந்தார். டாக்டர் கவரைப் பிரிக்காமல், "யாரைக் கூட வச்சுக்கறீங்க தோழர்?" என்றார். ஹாலைக் காட்டினேன். நல்லதோ கெட்டதோ, கேட்டில் வாசித்த மாதிரி வாசியுங்கள் என்றேன்.

அவர் பிரித்தார், படித்தார், நிமிர்ந்தார். "புற்று இல்லை. ஆனா இன்னியோட புகையிலை நிறுத்தணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை நான் பார்க்கணும்." பாய் என் தோளைப் பிடித்தார். கன்னியம்மாவுக்கு மட்டும் திருப்தியில்லை. "யாருக்கு இல்ல? மொட்டையா சொல்றியே டாக்டரம்மா, பேரைச் சொல்லிப் படி. ரோட்டுல போறவனுக்கும் கேக்கட்டும்."

ஆக, மைக் வைத்து என் பேரை வாசித்தவர்கள் என் வேலையைப் பிடுங்கினார்கள், வெறும் வாயால் வாசித்தவர் என் புகையிலையைத்தான் பிடுங்கினார்: "கோ. ஏகாம்பரம்!"