நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு ஒருத்தி

கேட்டைத் திறப்பதற்கு முன் சின்னத்தாய் தன்னைத்தானே சோதித்துக்கொள்வாள். கொண்டையை அவிழ்த்து உதறுவாள். கழுத்து, அக்குள், இடுப்பு என்று இரண்டு கைகளாலும் தட்டிக்கொண்டே இறங்குவாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று விளக்கு வெளிச்சத்தில் எல்லாருக்கும் காட்டுவாள். கடைசியாகத் தன் விலாவில் விரல்களை ஊன்றிக் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்ப்பாள். சிரிப்பு வராது. உதட்டைப் பிதுக்கிவிட்டு, "என்னையச் சோதிக்கத்தான் ஆளே இல்லையே லா. நானே பாத்துக்கிட்டாத்தானே உங்களைத் தொட முடியும்?" என்பாள். வரிசையில் நிற்கும் நூற்று நாற்பத்து மூன்று பெண்களும் சிரிப்பார்கள். அசாம் ஜாவா என்ற ஊருக்கு அப்பால் உள்ள எங்கள் மூங்கில்பாலத் தோட்டத்தில் நாள் தொடங்குவது அந்தச் சிரிப்பில்தான்.

மலாயாவில் அவசரகாலம் வந்து இது ஐந்தாவது வருஷம். நாங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காட்டுக்குள் இருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்பதால், பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போகிறவர்கள் அரிசி, சோறு, சீனி, மருந்து எதையும் வேலிக்கு வெளியே எடுத்துப்போகக் கூடாது. ஆண்கள் தொண்ணூறு பேர். எங்களைத் தடவிப் பார்க்கத் துப்பாக்கியோடு நான்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். பெண்களைப் பெண்தான் தொடலாம். அந்த வேலைக்குச் சின்னத்தாய் ஒருத்திதான். அவளுக்குச் சீருடை கிடையாது. காக்கித் துணியில் கைப்பட்டை ஒன்று மட்டும் கொடுத்திருக்கிறார்கள். சேலைக்கு எடுப்பாக இல்லை என்று அதன் ஓரத்தில் மஞ்சள் நூலால் பூ தைத்திருக்கிறாள்.

அவள் கண்ணை நம்புவதில்லை; விரலைத்தான் நம்புகிறாள். ஒவ்வொருத்தியின் விலாவிலும் ஒரு குத்து. நெளிந்து சிரித்தால் போகலாம். "ஒளிச்சு வச்சவளுக்குச் சிரிப்பு வராது. உடம்பு பலகையாப் போயிடும்" என்பது அவள் கண்டுபிடித்த சாத்திரம். போன மாதம் செல்லன் பெண்டாட்டி பலகையாகிப் போனாள். இடுப்பில் இலைப் பொட்டலத்தில் ஒரு பிடி சோறு.

"யாருக்குடி இது?"

"எனக்குத்தாங்க்கா. பத்து மணிக்கு மேல கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"அப்ப இங்கேயே நின்னு தின்னு. வயித்துக்குள்ள போன சோத்துக்குச் சட்டம் கிடையாது."

கடைசிப் பருக்கை இறங்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஊறுகா வைக்கத் தோணலையா உனக்கு?" என்று கேட்டுத்தான் அனுப்பினாள்.

தேநீர் கொண்டுபோகலாம், அதில் சீனி இருக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு போத்தலிலிருந்தும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிறாள். எந்த வீட்டில் தேயிலை மட்டம், எந்த வீட்டில் அடுப்புப் புகை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "ஏய், இதைத்தான் உன் மாமியாருக்கும் குடுக்குறியா? பாவம்டி அந்தக் கிழவி" என்று அவள் சத்தம் போட்டுச் சொல்வது ஆண்கள் வரிசைவரை கேட்கும். எங்கள் வரிசை கால்மணி நேரத்தில் கரைந்துவிடும். பெண்களுடையது முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும் என்பதால், கடைசியில் நிற்பவள் கேட்டைத் தாண்டியதும் ஓட்டமாக ஓட வேண்டியிருக்கும்.

இன்னொரு ஆள் வேண்டும் என்று அவள் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆளும் கைவசம் இருந்தாள்: அடுத்த வீட்டுக் கங்கா. பால்வாளியோடு பாலத்துப் பலகையில் வழுக்கி விழுந்து முழங்கால் போனவள். நிற்க முடியும், மரத்துக்கு மரம் நடக்க முடியாது. தோட்டத்தில் வேலை இல்லாதவர்களுக்கு லயத்தில் வீடு இல்லை. மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி சொல்லியாகிவிட்டது. இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் ஆகாது. நடுவே இருக்கும் பலகைச் சுவர் வழியாகத் தினமும் சண்டை. கங்காவின் கோழி இவள் வீட்டில் முட்டையிடுகிறது என்பதுதான் வழக்கு. "அவ போயிட்டா நான் யாரோடதான் சண்டை போடுறது? இன்னொரு பக்கத்து வீட்டுக்காரிக்குத் திட்டவே தெரியாது" என்று சின்னத்தாய் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசுவிடம் முறையிட்டாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தார்.

மனுவைப் பார்த்து ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வருவதாகச் செய்தி வந்தது. முதல் நாள் மாலை, எங்களை வேலை வாங்கும் மண்டோர் தங்கராஜு லயம் லயமாகப் போய், "நாளைக்கு அதிகாரி வர்றாரு. தோட்டத்து மானத்தை வாங்கிடாதீங்க" என்று சொன்னார். அதிகாரி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் தோட்டத்துக்கு நன்றாகத் தெரியும். சாக்கடைக்குச் சுண்ணாம்பு அடிப்போம். மூக்கைத் துடைத்துக்கொண்டு வரிசையாக நிற்போம். இந்த அதிகாரிக்குக் காட்ட வேண்டியது எங்கள் கஷ்டத்தை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பெண்கள் கொண்டை போடாமல் ஒற்றைச் சடையோடு வந்தார்கள். ஒருத்தி கையிலும் தேநீர்ப் போத்தல் இல்லை. வெற்றிலைப் பை இல்லை. வாளிகளைத் தேய்த்துக் கவிழ்த்துப் பிடித்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைக் கையில் எடுத்தார். அதைப் பார்த்ததும் சின்னத்தாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகினாள். தட்டு, குத்து, சிரிப்பு, "போடி!" தட்டு, குத்து, சிரிப்பு, "போடி!" இருபத்திரண்டாவது நிமிஷத்தில் கடைசிப் பெண்ணும் வெளியே போய்விட்டாள். சின்னத்தாய் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பந்தயத்தில் ஜெயித்தவளைப் போல நின்றாள்.

இன்ஸ்பெக்டர் அவள் கையைக் குலுக்கினார். கிராணி மொழிபெயர்த்தார்: "மெத்தச் சந்தோஷமாம். இரண்டாவது ஆள் தேவையில்லையாம். உனக்கு நேரம் மிச்சம் இருக்கிறபடியால், அடுத்த தோட்டத்து கேட்டையும் நீயே பார்க்கலாமோ எண்டு கேட்கிறார், பிள்ளை."

வேலியோரம் நின்ற கங்கா தலையில் கை வைத்தாள். "அடி சண்டாளி! ஊரு மெச்ச வேலை செஞ்சு என் வேலையத் தின்னுட்டியேடி!"

அன்று மாலை பலகைச் சுவரின் இரண்டு பக்கமும் சத்தமே இல்லை. கோழி மட்டும் கத்தியது.

மறுநாள் காலை அவள் கிராணியைக் கையோடு அழைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். கேட்டில் ஒரு பலகை தொங்குகிறது. சோதனை செய்யும் முறை பதினாறு விதிகளாக அதில் ஒட்டியிருக்கிறது. ஐந்து வருஷமாக அதை யாரும் படித்ததில்லை.

"ஐயா, எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க ஒண்ணொண்ணா வாசிங்க. நான் அதுபடி செய்யுறேன்."

கிராணி வாசித்தார். கூந்தலைப் பிரித்துச் சீவிப் பார்த்தாள். சேலை ஓரத்தை விரல் விரலாக நெருடினாள். வாளியின் அடியைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். முதல் பெண்ணுக்கு ஒன்பது நிமிஷம். இரண்டாவது பெண் வந்ததும், "ஐயா, முதல்ல இருந்து" என்றாள்.

"எத்தினை தரம் பிள்ளை வாசிக்கிறது?"

"நூத்தி நாப்பத்தி மூணு தரங்க ஐயா."

பால் குறைந்தால் பெண்களுக்கும் நஷ்டம்தான். ஆனாலும் ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. அன்று எல்லாரும் கொண்டை போட்டு, அதில் பூவும் சுற்றி, போத்தலும் வெற்றிலைப் பையுமாக வந்திருந்தார்கள்; ஒருத்தி இரண்டு போத்தல். ஏழரை மணிக்குத் தோட்டத்து மேனேஜர் பெரிய துரையின் கார் வந்து நின்றது.

"என்னா சின்னத்தாய் இது? வெயில் வந்தாச்சி! மரம் எல்லாம் சும்மா நிக்குது!"

"ஒரு ஆளு போதும்னு சொல்லிட்டாங்க துரை. ஒரு ஆளு சட்டப்படி செஞ்சா இம்புட்டுத்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு, "ஐயா, பதினொண்ணாம் நம்பர்" என்று கிராணி பக்கம் திரும்பினாள்.

துரை தொப்பியைக் கழற்றி வரிசையின் வாலைப் பார்த்தார். அது லயத்தைச் சுற்றிக் கோயில்வரை போயிருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் டெலிபோனில் அவர் கத்தியது பால் கொட்டகைவரை கேட்டது. அந்த வார முடிவில் ஆபீசிலிருந்து இன்னொரு காக்கிக் கைப்பட்டை வந்தது.

திங்கட்கிழமை காலை கங்கா அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு கேட்டருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். சின்னத்தாய் வழக்கமான இடத்துக்கு வரவில்லை. வரிசையின் முதல் ஆளாகப் போய் நின்று, கொண்டையை அவிழ்த்துவிட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

"ம், பாரு."

கங்கா காலைத் தாங்கித் தாங்கி எழுந்து வந்தாள். தலை, கழுத்து, முந்தானை எல்லாம் பார்த்தாள். பிறகு பத்து விரல்களையும் விரித்து விலாவுக்கு நேராகக் கொண்டுபோனாள். விரல் படுவதற்கு ஒரு சாண் இருக்கும்போதே சின்னத்தாய் துள்ளிக் குதித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.