புள்ள பயப்படற அளவுக்கு ஒரு அலை

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடற்கரை விற்கிற பொழப்பு என்னுடையது. சேலம் சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் போகிற வழியில், ஒரு பேக்கரி மாடியில் எங்கள் டிராவல்ஸ் இருக்கிறது. குடும்பங்களை அந்தமானுக்குக் கூட்டிப்போய், போன பிள்ளைகள் அத்தனையும் வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கூட்டிவருவது என் வேலை. பிள்ளைகளோடு ஒரு தடவையாவது பீச்சுக்குப் போய், ஈர டவலும் மணல் ஒட்டின பிஸ்கட்டுமாக வீடு திரும்பின சக பாவிகளே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அலை வேணும்ங்க

பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குக் கடற்கரை பார்ப்பதில் சில கட்டுப்பாடுகள் உண்டு. அலை இருக்கக் கூடாது. காலடியில் பாறை கூடாது. நிழல் வேண்டும், கழிப்பறை வேண்டும், விசில் வைத்த காவலர் வேண்டும். தண்ணீர் எப்போது உள்வாங்கும், எப்போது ஏறும் என்று முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "அலை அடிக்காதுங்களே?" செந்தில் ஒருத்தர்தான் மாற்றிக் கேட்டார்.

செந்தில் திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறார். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் இருப்பார். மகள் இனியாவுக்கு ஆறு வயது. இவர் ஊருக்கு வந்தால் அவள் அம்மா கோகிலாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாளாம், கூப்பிட்டாலும் வரமாட்டாளாம். கோடையில் ரிக்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு ஊரில் நிற்கிற திருச்செங்கோட்டுக்காரரை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "ஏனுங்க மேடம், கொஞ்சம் அலை அடிக்கற பீச்சாப் போடுங்க. பெருசா வேண்டாம். புள்ள பயந்து எங்கிட்ட ஓடி வர்ற அளவுக்கு இருந்தாப் போதும். இந்த லீவுல ஒட்டலைன்னா அப்பறம் அவ ஒட்டவே மாட்டாளுங்க" என்றார். சொல்லும்போது சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அவர் படியிறங்கிப் போனதும் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். சூரமங்கலம் முழுக்க அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். பாய் டீயைக் குடித்து முடித்து, கிளாஸை ஓரமாக வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்: "ஏம்மா, அலை இல்லாத எடமாவே பாத்துப் போடு. புள்ள அவருகிட்ட வரலைன்னா அது அவரு பாடு. கடலுக்குள்ள போயிருச்சுன்னா அது நம்ம பாடு."

கயிறு

அந்தத் தடவை ரெண்டே குடும்பம். செந்தில் குடும்பம் ஒன்று. இன்னொன்று நாமக்கல் கோழிப்பண்ணை குமரேசன், அவர் மனைவி, அவர்களுடைய இரட்டைப் பையன்கள். பையன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. விமானத்தில் பக்கத்து சீட்டில் இருந்தவர் இறங்கும்போது என்னைப் பார்த்த பார்வையிலேயே எல்லாம் இருந்தது.

பாய் சொன்னபடி முதல் நாள் நான் கூட்டிப்போன கடற்கரையில் அலை என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. மழை பெய்தால் எங்கள் தெருவில் இதைவிட ஆழமாக நிற்கும். இனியா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழி தோண்டிக்கொண்டிருந்தாள். செந்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பையைத் திறந்து ஒரு கயிற்றை எடுத்தார். நல்ல கனமான நைலான் கயிறு.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நீச்சல் பழகுவது கிணற்றில்தான். முதுகில் காலி கேன், இடுப்பில் கயிறு, மேலேயிருந்து அப்பா ஒரே தள்ளு. அப்புறம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்பார். செந்திலும் அப்படிப் பழகினவர்தான். அப்பா என்றால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர் என்பது அவர் மனதில் பதிந்துபோயிருக்கிறது. கணுக்கால் தண்ணீரில் நின்ற பிள்ளை இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கையில் ரெண்டு சுற்று சுற்றிக்கொண்டு கரையில் நின்றார். போகிற வருகிற வடநாட்டுக்காரர்கள் எல்லாரும் நின்று போட்டோ எடுத்தார்கள். இனியா அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் கோகிலாவைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, நான் என்ன ஆட்டுக்குட்டியா? அவங்கள அவுத்துவிடச் சொல்லுங்க."

முட்டை

ரெண்டாம் நாள் கடற்கரையில் நிழல் இருந்தது, கழிப்பறை இருந்தது, ஆம்லெட் போடுகிற தள்ளுவண்டியும் இருந்தது. குமரேசன் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வண்டிக்குப் போனார். அட்டையிலிருந்து ஒரு பச்சை முட்டையை எடுத்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வண்டிக்காரர் எதையோ மறைத்தவர் போல நெளிந்தார். வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் பண்ணை அந்த மனுஷனை விடவில்லை.

இதெல்லாம் நடக்கும்போது அவர் தோளில் இனியா உட்கார்ந்திருந்தாள். ஆமாம், அதே இனியாதான். "மாமா, எனக்கும் காட்டுங்க" என்று அவர் முடியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். வண்டிக்காரரிடம் பேசினாள், என்னிடம் பேசினாள், வேன் டிரைவருக்குத் தன் பிஸ்கட்டில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள். ஊர் உலகத்தில் ஒரே ஒருத்தரிடம்தான் அவளுக்குப் பேச்சு வரவில்லை. அந்த ஒருத்தர் கொஞ்சம் தள்ளி, கையில் அவளுடைய செருப்பை வைத்துக்கொண்டு நின்றார். குமரேசனுக்கு இதெல்லாம் கண்ணில் படவேயில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய பையன்கள் ஒருத்தன் தலையில் ஒருத்தன் மணலைக் கொட்டிக்கொண்டு ஊளையிட, அவர் முட்டையை அட்டையில் பூப்போல வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நம்ம பக்கத்து முட்டை மாதிரிதான் தெரியுதுங்க மேடம். அப்படி இருந்தா, எம் பசங்களவிட ஒழுங்கா உக்காந்து வந்திருக்குதுங்க."

முதலை

மூன்றாம் நாள் கடற்கரைக்குப் போகிற வழியில் இளநீர் குடிக்க வேனை நிறுத்தினோம். பக்கத்திலேயே ஒரு கழிமுகம். கரையில் முதலை படம் போட்டு, தண்ணீரில் இறங்காதீர்கள் என்று பலகை வைத்திருந்தார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பலகையைப் பார்த்தாலே பகீரென்று இருக்கும். பிள்ளைகளை வாரி வேனுக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடத் துடிப்பேன் நான். அப்படித் துடித்துக்கொண்டிருந்தபோது செந்தில் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "நெசமாவே வருங்களா மேடம்? தூரமா ஒண்ணு தெரிஞ்சாக்கூடப் போதும். கிட்ட வேண்டாம்" என்றார்.

அடக் கடவுளே! முதலைக்குச் சொல்லியா அனுப்ப முடியும்? ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் திட்ட மனசு வரவில்லை. அவர் இனியாவைக் கூப்பிட்டுப் பலகையைக் காட்டினார். "பாத்தியா சாமி, எவ்வளவு பெரிய வாயி!" என்று தானே பயந்த மாதிரி காட்டினார். இனியா பயப்படவில்லை. பலகையில் இருந்த முதலையின் பல்லை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். வாலையும் தடவிக் கொடுத்தாள். அப்புறம் வேனில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முன் சீட்டில் இருந்த செந்திலுக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டாள்: "ஆன்ட்டி, அவங்க எப்ப ஊருக்குப் போவாங்க?"

இட்லி சட்னி

நான்காம் நாள் காலை. மறுநாள் ஊர் திரும்ப வேண்டும். ஹோட்டலில் இட்லி என்று ஒன்றை வைத்திருந்தார்கள். அதைப் பற்றிப் பேசி யாரையும் புண்படுத்த விரும்பவில்லை. செந்தில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் போனதும் ரிக்குக்குக் கிளம்புகிறாராம். அப்புறம் மழைக்காலத்துக்குத்தான் வருவாராம். "விடுங்க மேடம். நீங்க நல்ல நல்ல எடமாத்தான் காட்டுனீங்க. எனக்குத்தான் கொடுப்பினை இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். குறை சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். பாராட்டினவரை என்ன செய்வது?

கோகிலா சட்னியைத் தொட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கணவர் போய்விட்டாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "போன தடவ வந்தப்ப ஊட்டு மோட்டாரக் கழட்டிட்டு இருந்தாருங்க அக்கா. இவ சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்துட்டு, 'வேலை எப்ப முடியும்ங்க'ன்னு கேக்கறா. ரிப்பேருக்கு வந்த ஆளுன்னு நெனச்சுட்டா."

கடைசிக் கடற்கரை

அதைக் கேட்டப்புறம் எனக்கு மனசு ஆறவில்லை. பாய்க்குச் சொல்லவில்லை. அன்றைக்குப் போட்டிருந்த கடற்கரையை மாற்றி, கொஞ்சம் அலை அடிக்கிற இடமாகப் பார்த்தேன். மணல்தான், பாறை இல்லை. கடல் ஏறுகிற நேரத்தை ரெண்டு தடவை பார்த்தேன். காவலரிடம் போய்ப் பேசி, எதுவரை போகலாம் என்று கேட்டு, அங்கே பையன்கள் ரெண்டு பேரையும் நிற்கவைத்து, "இதுக்கு மேல ஒரு அடி வெச்சீங்க, முட்டையோட முட்டையா அட்டையில கட்டி அனுப்பிருவேன்" என்றேன்.

செந்தில் இனியாவுக்கு ரெண்டடி முன்னால், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை விரித்துத் தயாராக நின்றார். அலை வந்தது. முழங்கால் உயரம்கூட இருக்காது. இனியா ஓடவில்லை. குதித்தாள். இன்னொரு அலை வந்தது. அதற்கும் குதித்துக் கைதட்டினாள். பயம் என்கிற சங்கதியே அந்தப் பிள்ளையிடம் கிடையாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு நாளாக நானும் செந்திலும் எதைத்தான் தேடிக்கொண்டிருந்தோமோ! செந்திலின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

மூன்றாவது அலை அவரைத் தள்ளிவிட்டது. கிணற்றுத் தண்ணீர் அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும்; பின்னாலிருந்து வந்து காலை வாராது. இவருக்கு அந்தப் பழக்கம்தான். குப்புற விழுந்தார். எழுந்தவரை அடுத்தது இன்னொரு தடவை உருட்டியது. காவலர் விசில் அடித்தார். இனியா முதலில் சிரித்தாள். அவர் எழுந்திருக்காமல் நாலு காலில் நின்று இருமுவதைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. கோகிலா கரையிலிருந்து "இங்க வா சாமி" என்று கத்தினாள். இனியா அம்மாவிடம் போகவில்லை. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நேராக அவரிடம் போய், ரெண்டு கையாலும் சட்டைக் காலரைப் பிடித்துக் கரைப் பக்கம் இழுக்க ஆரம்பித்தாள். அவர் மாடு மாதிரி முட்டி போட்டுக்கொண்டே அவள் இழுத்த இழுப்புக்குப் பின்னால் வந்தார். அந்த மனுஷன் அப்போதே எழுந்து நின்றிருக்கலாம். நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

ஈரம் படாத மணலுக்கு வந்ததும் அவரை உட்காரவைத்தாள். கடலுக்கும் அவருக்கும் நடுவில் காலை அகட்டி நின்றுகொண்டாள். குமரேசன் "மாமாகிட்ட வா கண்ணு" என்று கையை நீட்டினார், அவரை அவள் கண்டுகொள்ளவேயில்லை. செந்திலுக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. கோகிலாவுக்கும் அப்படித்தான். எனக்கும்தான், அதற்கென்ன இப்போது! இனியா தன் ஈர கவுனைத் தூக்கி அவர் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்: "அழுவாதீங்க. உப்புத் தண்ணி கண்ணுல போனா அப்படித்தான் எரியும். நான் இங்கயே இருக்கேன்."

குடும்பத்துக்கு ஏற்ற கடற்கரை எது என்று யாராவது கேட்டால், அப்பாவைக் கவிழ்க்கிற அளவுக்கு அலை இருந்தால் போதும் என்று இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன், பாய் டீக்கு இறங்கிப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து.