வலப்பக்கம் திரும்பிய கார்

என்னை இடித்தவர் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர். ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீடு திரும்பிய வாரமே மனைவியோடு பார்க்க வந்துவிட்டார். அந்தப் பெண் கையில் மிளகு ரசம். நான் ஹாலில், கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டிப் படுத்திருந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். மான்மவுத் ஜங்ஷன் என்ற எங்கள் ஊரில், வீட்டருகே இருக்கும் சிக்னலில், நடப்பவர்களுக்கான விளக்கு எரிந்த பிறகே ரோட்டில் இறங்கினேன். இந்த நாட்டில் சிவப்பு எரிந்தாலும் நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். சிவப்பில் நின்றிருந்த அவருடைய கார் அப்படித்தான் திரும்பியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது.

"ஆட்டோமேட்டிக் பிரேக் இருக்கற கார்தானே?" என்று என் கணவர் ஆரம்பித்தார். சாப்ட்வேர்காரர். எந்தத் துன்பத்துக்கும் எங்கோ ஒரு செட்டிங் இருக்கும் என்று நம்புகிறவர்.

"இருக்கு அங்கிள். நான் அதை ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன்." அவர் தலை நிமிரவில்லை. "குப்பைத்தொட்டிக்குக் கத்துது, நிழலுக்குக் கத்துது. ஒரு தடவை ஃப்ரீவேல சும்மாவே பிரேக் போட்டுடுச்சு. பின்னாடி பெரிய ட்ரக். குழந்தைங்க உள்ள இருந்தாங்க."

"அதுக்காக ஆஃப் பண்றதா? சர்வீஸ்ல காட்டியிருக்கணும்."

"காட்டினேன் அங்கிள். நார்மல்னு சொல்லிட்டாங்க."

பார்க்க வந்த எல்லோரும் இதையே பேசினார்கள். கேமரா போதுமா, ரேடார் வேண்டுமா, சட்டமே கொண்டுவர வேண்டுமா. கிளம்பும்போது மறக்காமல் என்னிடம், "என்ன கலர் கோட் போட்டிருந்தீங்க?" என்று கேட்டார்கள். கறுப்பு என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அன்று என் கணவர் அங்கேயே போனில் அந்தக் காரின் மேனுவலைத் தேடிப் படித்தார்.

"திரும்பும்போது குறுக்க வர்றவங்க அதுக்குத் தெரியாமப் போகலாம்னு போட்டிருக்கான்."

ஆன் செய்திருந்தாலும் கால் உடைந்திருக்கலாம். வந்தவரின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்தில் அவரே வெட்கப்பட்டு அதை மறைத்துக்கொண்டார்.

"அடுத்த மாடல்ல சரி பண்ணியிருப்பான்" என்றார் என் கணவர். மறுபடி முதலிலிருந்தா என்று இருந்தது எனக்கு.

"நீங்க இடது பக்கமே பாத்துட்டு இருந்தீங்க" என்றேன். "கார் வருதான்னு. நான் உங்க மூஞ்சியப் பாத்துட்டேதான் இறங்கினேன். இப்போ திரும்புவீங்க, இப்போ திரும்புவீங்கன்னு. என் பக்கம் நீங்க திரும்பவே இல்ல."

"ஆமா ஆன்ட்டி" என்றார். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு ரசத்தை அடுப்படிக்கு எடுத்துப் போனாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. தூங்கினால் போதும் என்றிருந்தது.

எலும்பு கூடியது. வசந்தத்தில் என் கணவர் புது கார் வாங்கினார். சுற்றிலும் கேமரா உள்ளது. வாங்கிய அன்றே நண்பர்களைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக விளக்கினார். ரோட்டில் நடப்பதை நான் விட்டுவிட்டேன். காலையில் கடை திறக்கும் முன் மாலுக்குள் நடக்கிறேன். பைபாஸ் செய்துகொண்டவர்களும், பேரக்குழந்தையைப் பார்க்க ஊரிலிருந்து வந்தவர்களும் அங்கே சுற்றிக்கொண்டிருப்பார்கள். காற்று கிடையாது, வெயில் கிடையாது. இரண்டாவது சுற்றிலேயே கால் கடுக்கும். பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன்.