ஸ்டார்ட்டரில் மாட்டிய சட்டை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபது வருஷமாக ஜல்லி கிரஷர்களில் ஃபிட்டர் வேலை, சுத்தியலும் ஸ்பேனரும் பிடிக்கிறவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? இப்போது நானே ஒன்றைச் சொல்லப் போகிறேன். சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள்ளுங்கள், முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

போன வருஷம் மாசி மாசம். பெருமாட்டிக்குக் கிழக்கே ஒரு கிரஷர், சுற்றியுள்ள தென்னைகள்கூடத் தூசி படிந்து வெளுத்துக் கிடக்கும். பாறையைக் கடித்து உடைக்கிற பெரிய இயந்திரத்தில் ஒரு தாடையின் பிளேட் லூஸாகி ஆடியது. அதன் வாய்க்குள்ளேயே இறங்கி நின்றுதான் போல்ட்டை முறுக்க வேண்டும். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, உள்ளே இறங்குகிறவன் தன் சட்டையைக் கழற்றி, மோட்டாரைப் போடுகிற ஸ்டார்ட்டர் பெட்டியில் மாட்டிவிட்டுப் போவான். அந்தச் சட்டை தொங்குகிற வரை முதலாளியே வந்து சொன்னாலும் எவனும் பொத்தானைத் தொடமாட்டான். பியூஸையும் பிடுங்கிக் கையோடு எடுத்துப் போக வேண்டும், அதுதான் முறை. கால் மணி நேர வேலைதானே என்ற திமிரில் நான் பிடுங்கவில்லை. அதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

உச்சி வெயில். ஆபரேட்டர் பழனிச்சாமி சாயா குடிக்கப் போயிருந்தான். நான் என் கட்டம் போட்ட சட்டையை மாட்டிவிட்டு இறங்கினேன். வெல்டிங் பொறி பட்டுத் தோளில் ஓட்டையான சட்டை அது, என் மனைவி நீலத் துணி வைத்துத் தைத்திருந்தாள்.

மூன்று போல்ட் முறுக்கியிருப்பேன், மேலே நிழல் தட்டியது. நிமிர்ந்தால், கல் கொட்டுகிற மேடை ஓரத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தன் நிற்கிறான். அவன் உடம்பில் என் சட்டை. அந்த நீல ஒட்டு பளிச்சென்று தெரிகிறது. பயமெல்லாம் வரவில்லை, கோபம்தான் தலைக்கேறியது, நான் உள்ளே இருக்கும்போது சட்டையை எடுப்பது என்னைக் கொல்வதற்குச் சமம் இல்லையா?

“எவன்டா அவன்? எஞ்சட்டையக் கழட்டுடா!” என்று கத்திக்கொண்டே ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டு ஏணியில் ஏறினேன். மேடையில் கால் வைத்தால் ஆளே இல்லை. இறங்குவதற்கு ஒரே படிக்கட்டு, அதிலும் ஈ காக்கா இல்லை. நம்பினால் நம்புங்கள், அந்த நொடியில் மோட்டார் உறுமியது. நான் நின்றிருந்த இடத்தில் தாடை மூடித் திறந்தது. ஸ்பேனர் நசுங்கிய சத்தத்தை நினைத்தால் இப்போதும் பல் கூசுகிறது.

எப்படிக் கீழே ஓடினேனோ தெரியாது. வெற்று உடம்போடு வந்து நின்ற என்னைப் பார்த்ததும் பழனிச்சாமிக்கு முகம் வெளிறிவிட்டது. மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

“ஏன்டா, நா உள்ளார இருக்கறப்ப எப்படிறா போட்டே?”

“ஸ்டார்ட்டர்ல சட்டை இல்லீங்களே அண்ணா. நிமுந்து பாத்தா நீங்க சட்டையப் போட்டுக்கிட்டு மேடையில நிக்கறீங்க. போடுன்னு கைய ஆட்டுனீங்க, அப்பறந்தானுங்க போட்டேன்.”

“எவனோ ஒருத்தன் முதுகப் பாத்துட்டு நான்னு நெனச்சுக்கிட்டயா?”

“முதுகு இல்லீங்ணா. மொகத்தப் பாத்தனுங்க. நீங்கதானுங்க. என்னையப் பாத்துச் சிரிச்சீங்க.”

நான் சட்டையைத் தேடிப் போனேன். சட்டை ஜல்லி வந்து விழுகிற பெல்ட்டில் கிடந்தது, தாடையில் அரைபட்டுக் கந்தலாக. நான் ஏறி வந்தபோது அந்த வாய்க்குள் என் ஸ்பேனரைத் தவிர ஒன்றுமில்லை. கந்தலில் மிஞ்சிய பொத்தான்கள் கழுத்து வரை போட்டபடி இருந்தன.

அந்தக் கிரஷரில் யாராவது செத்திருக்கிறார்களா என்று விசாரித்தேன். ஒருத்தரும் இல்லை. இருந்திருந்தால்கூட மனசு ஒரு வழியாக ஆறியிருக்கும். என்னை வெளியே வரவைத்ததும் அவன்தான், மெஷினைப் போடச் சொன்னதும் அவன்தான். காப்பாற்ற வந்தவனா, தீர்த்துக்கட்ட வந்தவனா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பழனிச்சாமி அந்த வேலையை விட்டுவிட்டுத் தேங்காய் லோடு வண்டி ஓட்டுகிறான். மறுபடி சந்தித்தபோது பத்தடி தள்ளி நின்றுகொண்டு, “அண்ணா, நீங்கதானுங்களா?” என்று கேட்டான். பாவம், தைரியம் வரட்டுமே என்று நான் சிரித்தேன். வண்டியை நடுரோட்டில் அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டான்.