கணவாய் எந்தப் பக்கம்

ஊர்காவற்றுறைச் சந்தையில் கணவாய் மீன் துப்புரவாக்குவதில் அல்போன்சம்மாவை மிஞ்ச ஆளில்லை. தலையைப் பிடித்து இழுத்து, மைப்பையை உடையாமல் எடுத்து, முதுகில் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் வெள்ளை ஓடு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மற்றக் கழிவெல்லாம் காலடியில் கிடக்கும். ஓட்டை மட்டும் தூர வீசுவாள். ஏனென்று கேட்டவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த ஓட்டால்தான் அவளுடைய படிப்புப் போனது.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு அவளுக்குப் பத்து வயது. கரையோரப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. படிப்பித்தவர் சோமாஸ்கந்தன் வாத்தியார், நயினாதீவில் கோயில் பூசை செய்கிற குடும்பத்தவர். பக்கத்துச் சுருவிலில் மாமன் வீட்டில் தங்கி, சைக்கிளில் வந்து போவார். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொன்னால் பாவம். ஆனால் மீன் விற்கும் இடத்தைக் கைலேஞ்சியை மூக்கில் பிடித்துக்கொண்டு கடக்கிற மனிதருக்கு மீனுக்குள் என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

புலமைப்பரிசில் சோதனைக்கு அந்த வகுப்பிலிருந்து அவர் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு பெயர், அல்போன்சம்மா. தேறினால் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று மேலே படிக்கலாம். தகப்பன் மரியநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. வலை இழுக்கிற இடத்திலெல்லாம் அதையே சொல்லித் திரிந்தான்.

ஒருநாள் வாத்தியார் கரும்பலகையின் நடுவில் கோடு கீறினார். ஒரு பக்கம் முள்ளந்தண்டு உள்ள பிராணிகள், மறுபக்கம் இல்லாதவை. மாடும் காகமும் பாம்பும் ஒரு பக்கம் போயின. மண்புழுவும் நண்டும் மறுபக்கம் போயின. பிறகு காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த ஒன்றைப் பிரித்துக் காட்டினார். வரும் வழியில் கடற்கரையில் பொறுக்கிய கணவாய் ஓடு. கடல் கழுவிக் காயவைத்துக் கொடுத்த அந்த ஒன்றைத்தான் அவரால் கையால் தொட முடிந்தது. இதுதான் கணவாயின் முள்ளந்தண்டு என்று சொல்லி, கணவாயை மாட்டுக்குக் கீழே எழுதினார்.

அல்போன்சம்மா எழும்பினாள்.

“அது முள்ளந்தண்டு இல்லை வாத்தியார். மீன்ரை முள்ளெண்டா மணி கோத்த மாதிரி துண்டு துண்டாய் இருக்கும். இது ஒரே ஓடு. அமத்தினா கழண்டு வந்திடும்.”

வகுப்பு சிரித்தது. வாத்தியார் அவளை இருக்கச் சொன்னார். இருந்தாள். ஆனால் பத்து வயதுக்காரிக்கு, சரியானதைக் காட்டினால் பெரியவர்கள் சந்தோசப்படுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. மறுநாள் காலை ஒரு விளைமீன் முள்ளையும் முழுக் கணவாய் ஒன்றையும் பனையோலைப் பையில் கொண்டுபோய், அவர் வருமுன் மேசையில் எடுத்து வைத்தாள். கணவாயின் மை கசிந்து மேசையெல்லாம் ஓடி வரவு இடாப்பையும் நனைத்தது.

அடி விழுந்தது. மேசையைக் கடலுக்குத் தூக்கிப்போய்க் கழுவிவர வைத்தார். மரியநாயகம் சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டான். வாத்தியார் மன்னித்தார். பெட்டை வகுப்புக்கு வரலாம், ஆனால் அடக்கமில்லாத பிள்ளையைச் சோதனைக்கு அனுப்ப ஏலாது, பெயரை வெட்டியாயிற்று என்றார். பெயரில்லாத இடத்துக்குப் பிள்ளை எதற்கென்று மரியநாயகம் அன்றைக்கே அவளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் கையில் கத்திதான்.

பதினெட்டு வயதில் கிறிஸ்தோப்பரைக் கட்டினாள். அவன் கடலுக்குப் போனான், இவள் சந்தைக்குப் போனாள். பழைய கதையை யாராவது எடுத்தால் ஒன்றுதான் சொல்வாள். அந்த மனுசன் கணவாயைக் கண்டதில்லை, தெரியாமல் செய்தது, தெரியாமல் செய்ததற்கு என்ன செய்யலாம். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அவள் அந்த ஆற்றாமையை விழுங்கினாள்.

எண்பத்தோராம் ஆண்டு மகள் ஐந்தாம் வகுப்பு. அதே பள்ளிக்கூடம், அதே சோமாஸ்கந்தன், இப்போது தலைமை வாத்தியார். மகளின் கொப்பியில் நடுவில் ஒரு கோடு. முள்ளந்தண்டு இல்லாதவற்றில் நண்டு, இறால், கணவாய். கணவாய்க்குப் பக்கத்தில் சிவப்பு மையில் சரி. கீழே அவருடைய கையெழுத்து.

அல்போன்சம்மா அந்தச் சரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கொப்பியை எடுத்துக்கொண்டு சந்தைச் சீலையோடேயே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அவருடைய அறை வாசலில் நின்று, தன்னைத் தெரிகிறதா என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து, மரியநாயகத்தின் மகள் என்றார். அவள் கொப்பியை விரித்துக் காட்டினாள்.

“எப்ப ஐயா உங்களுக்குத் தெரிய வந்தது?”

பொய் சொல்லியிருக்கலாம். அந்த மரியாதையைக்கூட அவர் அவளுக்குத் தரவில்லை.

“அடுத்த கிழமையே தெரியும். யாழ்ப்பாணத்திலை புத்தகம் எடுத்துப் பாத்தனான். நீ சொன்னதுதான் சரி.”

“சோதனைக்கு ரெண்டு மாசம் இருந்ததே ஐயா.”

“ஓம், இருந்தது. உன்னட்டைப் பிழைபட்டுப்போட்டு அந்த வகுப்பிலை நான் என்னெண்டு நிக்கிறது?”

அவளுக்கு அவர் முன்னாலிருந்த மேசையைப் புரட்டிவிட வேண்டும் போல் வந்தது. ஆனால் அடுத்த வகுப்பறையில் மகளின் குரல் கேட்டது, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். சோதனைக்குப் பெயர் எழுதுகிறவர் இன்றும் இவர்தான். அல்போன்சம்மா கொப்பியை மூடி, போயிட்டு வாறன் ஐயா என்று சொன்னாள். அப்படிச் சொன்ன நாக்கை அறுத்தெறியலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு நடந்தாள். இருபத்துமூன்று வருசம் தெரியாமல் செய்தது என்று சொல்லி ஆறிய மனம், இனி எதைச் சொல்லி ஆறும்?

பின்னேரம் மகள் வந்து, பெரிய வாத்தியாரிடம் ஏன் போனாய், கணவாய் பிழையா என்று பயந்து பயந்து கேட்டாள்.

“சரியாம்,” என்றாள் அல்போன்சம்மா. “ஆனா நீ அதை அங்கை ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்கப் போகாதை.”