பதக்கத்தைப் பார்த்து நான் சொன்ன பதில்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கண்டனூரில் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடி வீட்டிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தேன். பள்ளியில் வரலாறு நடத்துபவன் நான். பழைய நாணயம், பதக்கம் என்றால் என்னிடம்தான் கேட்க வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். காளையார்கோவில் பக்கமாம். அவருடைய அண்ணன், வீட்டாரிடம் கோபித்துக்கொண்டு போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. கண்மாயில் ஒதுங்கிய ஓர் உடலைப் போலீஸார் காட்டியிருக்கிறார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. சட்டைப்பையில் ஒரு பதக்கம் மட்டும் இருந்ததாம். அதன் படத்தைச் செல்போனில் காட்டினார்.

"இப்படி ஒண்ணை எங்க அண்ணங்கிட்ட நான் பாத்ததே இல்ல சார். இது என்னதுன்னு சொன்னீகன்னா புண்ணியமாப் போகும்."

மேலே ஒரு கண். நடுவில் கோத்துப் பிடித்த இரு கைகள். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன்: "இது வெள்ளைக்கார துரைமார் வச்சிருந்த சங்கத்துப் பதக்கம்மா. உங்க வீட்டுல இருக்க வாய்ப்பே இல்ல."

"அப்ப அது எங்க அண்ணன் இல்லைங்கிறீகளா?"

"இல்லம்மா."

கும்பிட்டு அழுதார். படத்தை எனக்கும் அனுப்பிவிட்டு, எங்கள் ஆள் இல்லை என்று போலீஸில் எழுதிக் கொடுக்கப் போனார்.

புதன்கிழமை அந்தப் படத்தைச் சும்மா பெரிதாக்கிப் பார்த்தேன். கைகளுக்குக் கீழே, களிம்பேறிய இடத்தில் ஒரு மரம் தெரிந்தது. பட்டையில் சாய்வான கீறல்கள், அடியில் ஒரு கிண்ணம். ரப்பர் மரம்! தோட்டத் தொழிலாளிகள் தங்களுக்குள் ஒருவருக்கொருவர் உதவ வைத்திருந்த சங்கத்தின் பதக்கமாகத்தான் அது இருக்க வேண்டும். உடனே அவருக்குப் போன் செய்தேன். வீட்டில் யாராவது மலேயாவில் இருந்தார்களா என்று கேட்டேன்.

"எங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல..." என்றவர் போனை வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். "தாத்தா பெட்டியில கெடந்த மெடலைக் காணோமுன்னு மதினி சொல்றாக சார்."

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கேட்பாரில்லாத உடல் என்று முந்தின நாளே புதைத்துவிட்டிருந்தார்கள். சுடுகாட்டு ஓரத்தில் ஈரம் காயாத ஒரு மண்மேட்டைக் காட்டினார்கள். மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"நீங்க சொன்னீகன்னு, அண்ணன் வந்துருவாகன்னு மூணு நாளா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன் சார்."

'சரியாகத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று அன்று நான் சொல்லியிருந்தால், அந்த மனிதருக்குத் தன் பெயரோடு, தங்கை கையால் ஒரு பிடி மண்ணாவது கிடைத்திருக்கும் என்ற நினைப்பு இன்றும் என்னை விடவில்லை.