ஏரியூர் சந்தையில் எதிர்க்கட்சி மைக்

இன்னாசி அண்ணன் போய்விட்டார்.

மதியம் அவர் நம்பரிலிருந்துதான் போன் வந்தது. "சொல்லுங்க எதிர்க்கட்சி" என்று எடுத்தேன்... பேசியது அவர் மகன்.

இங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளில் பென்னாகரம் பக்கம் தேர்தல் வந்தால் ஜீப்பில் மைக் பிடித்துப் போவார். நானும் போவேன். அவர் ஒரு கட்சி, நான் அதற்கு எதிர்க்கட்சி.

நமக்குப் படிப்பு பத்தாவது, அதுவும் ஃபெயில். குரல் மட்டும் கலெக்டர் மாதிரி இருக்கும். கட்சி ஆபீஸில் எழுதித் தரும் துண்டுச் சீட்டை அப்படியே படிப்பேன். எதிர் வேட்பாளர் குடிப்பது, அவர் தங்கச்சி புருஷனை விட்டு வந்தது... எல்லாம் அதில் இருக்கும். ஜனம் சிரிக்கும். பெரிய பேச்சாளர் என்று எனக்கு நினைப்பு.

அண்ணனுக்கும் அதே மாதிரி சீட்டு வரும். நாலாக மடித்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார்.

டீக்கடையில் ஏன் என்று கேட்டேன். "ஓட்டுக் கேக்கத்தானே வந்தோம்? அடுத்தவன் வூட்டுக்குள்ள எதுக்குங்க மைக்கை நீட்டணும்?"

"அப்ப கைதட்டு வராதுங்கண்ணா."

"வராட்டிப் போவுது. டீ சொல்லுங்க."

ஒரு தேர்தலில் என் மனைவி நிறைமாசம். இன்னும் நாள் இருக்கிறது என்று நான் பாட்டுக்கு ஏரியூருக்கு ஜீப் ஏறிவிட்டேன். விடிந்ததும் வலி வந்து பென்னாகரம் ஆஸ்பத்திரியில் பிரசவம். மைக் சத்தம் கேட்டு என் மாமியார் ரோட்டுக்கு ஓடிவந்து ஜீப்பை மறித்திருக்கிறார். அது அண்ணன் ஜீப். மாமியார் கண்ணுக்குக் கொடியாவது சின்னமாவது, எல்லா ஜீப்பும் மருமகன் ஜீப்தான்.

ஏரியூர் சந்தை. நான் அந்தத் தங்கச்சி கதையை இழுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஜீப் எதிரே வந்து நின்றது. இன்றைக்குப் பதிலடி இருக்கு என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் ஆள் ஒருவன் "சவுண்டைக் கூட்டுடா" என்றான்.

அண்ணன் மைக்கைத் தட்டினார்.

"எதிர்க்கட்சி மைக் தம்பிக்கு ஒரு அறிவிப்புங்க. உங்க வூட்டம்மாவுக்குப் பொண்ணு பொறந்திருக்குது. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. மைக்கை வெச்சிட்டு மொதல்ல கெளம்புங்க."

சந்தையே சிரித்தது. மைக்கை ஆஃப் பண்ண மறந்து "நெசமாங்களாண்ணா" என்று நான் கேட்டது மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.

அந்நேரத்துக்கு பஸ் இல்லை. எங்கள் ஆட்கள் ஜீப்பைத் தரவில்லை. அவர் ஜீப்பில், அவர் கட்சிக் கொடிக்குக் கீழே உட்கார்ந்து, பென்னாகரம் போய் என் மகளைப் பார்த்தேன்.

சாயங்காலத்துக்குள் நான் கட்சி மாறிவிட்டேன் என்று என் கட்சியில் பேச்சு. அண்ணன் விலை போய்விட்டார் என்று அவர் கட்சியில். ரெண்டு பேரிடமும் மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். அந்தத் தேர்தலில் ஓட்டு எண்ணுவதற்கு முன்பே தோற்றது நாங்கள்தான்.

"மைக்கு போனாப் போவுது. புள்ளைக்கு என்ன பேரு வெச்சீங்க?" அவ்வளவுதான் கேட்டார்.

மனைவி போய்ச் சேர்ந்து, மகளும் புனேயில் செட்டிலான பிறகு எனக்குப் பேச இருந்தது அவர்தான். தேர்தல் வந்தால் தினமும் போன். வாட்ஸ்அப்பில் யாரோ யாரையோ திட்டும் வீடியோவைப் பார்த்துவிட்டு, "நீங்க அன்னைக்குப் பேசினதெல்லாம் தாலாட்டுங்க தம்பி" என்பார்.

போன வாரம்கூட... "யாரு வூட்டையும் இழுக்காம ஒரே ஒரு எலக்‌ஷன் பாத்துட்டுப் போயிடணும்ங்க."

"அதுக்கு நீங்க எரநூறு வயசு இருக்கணும்ண்ணா" என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

மகளிடம் சொன்னேன். "நான் பொறந்ததை ஊருக்குச் சொன்னவருப்பா" என்றாள்.

இப்போது தெருவில் பிரச்சார வண்டி போகிறது. யார் வீட்டுக் கதையோ. அவரிடம் சொல்லலாம் என்று போனை எடுத்து, அவர் நம்பர் வரைக்கும் போய்விட்டேன்...

நாளை காலை அடக்கம். இந்த முறை நான் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

மைக்கை வெச்சிட்டுக் கெளம்புங்கண்ணா.